அப்பா மிலிட்டரில இருந்தார், அவரைப் பத்தி எழுத உக்காந்தா ஒரு வரியும் வரல

கேள்வி (கடிதம் சுருக்கப்பட்டது):

மேடம் வணக்கம். நாங்க வேலூர் பக்கம் ஒரு கிராமம், பேர் வேண்டாம். அப்பா 1979ல மிலிட்டரில சேர்ந்தார், மெட்ராஸ் சேப்பர்ஸ், அதாவது இன்ஜினியர் படைப்பிரிவு, பெங்களூர் சென்டர். 2007ல நாயிப் சுபேதாரா பென்ஷன் வந்தார். அப்புறம் ஒரு பேங்க்ல கன்மேன். போன வருஷம் கிட்னி ஃபெயிலியர்ல இறந்துட்டார். தலை திவசத்துக்கு நினைவு மலர் ஒண்ணு போடணும்னு அண்ணன் நிக்கறான். அட்டையில "கார்கில் வீரர்", உள்ள "வீரமரணம்"னு எல்லாம் எழுதி வச்சிருக்கான். ஸ்ரீலங்கா போனதையும் பெருசா போடணுங்கறான், சித்தப்பா அந்தப் பேச்சே வேண்டாங்கறார். என்னை "மகளின் பார்வையில்"னு நாலு பக்கம் எழுதச் சொல்றாங்க. ஒரு மாசமா உக்காந்து பாக்கறேன், வரல. எனக்கு அவர் வருஷத்துல ரெண்டு மாசம் வந்துட்டுப் போற ஆள். நான் வயசுக்கு வந்த சடங்குக்குக் கூட வரல. பென்ஷன் வந்தப்புறம் காலேஜ் படிக்கற என்னை அஞ்சு மணிக்கு எழுப்பி போர்வையை மூலை சேர்த்து மடிக்கச் சொல்வார். ஸ்ரீலங்கா பத்தி கேட்டா எந்திரிச்சுப் போயிடுவார். அவரோட கறுப்பு டிரங்க் பெட்டியைத் திறந்தோம், டிஸ்சார்ஜ் புக், மெடல், ஒரு பாக்கெட் நோட்டு. நோட்டுல மனசுல உள்ளதை ஏதாவது எழுதியிருப்பார்னு ஆசையா படிச்சேன், வெறும் கணக்கு மேடம், எங்களைப் பத்தி ஒரு வரி இல்ல. அம்மா வாயே திறக்க மாட்டேங்கறாங்க. எனக்கு அழுகையும் வரல. நான் பாசமில்லாத பொண்ணா? சில போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்:

உங்க லெட்டரை நிறுத்தி நிதானமா படிச்சேன்ம்மா, போட்டோ எல்லாத்தையும் பெருசு பண்ணிப் பார்த்தேன். கடைசியா கேட்ட கேள்விக்கு முதல்லயே பதில் சொல்லிடறேன். பாசமில்லாத பொண்ணு நாலு பக்கம் எழுத வரலையேன்னு ஒரு மாசம் தவிக்க மாட்டா, மலருக்கு யாரையாவது விட்டு எழுதி வாங்கி அனுப்பிட்டுப் போயிருப்பா. அதனால அந்தக் கேள்வியை இத்தோட விட்டுருங்க. பேச வேண்டியது வேற நிறைய இருக்கு, முக்கியமா அந்த நோட்டு.

"வெறும் கணக்கு"ன்னு எழுதியிருக்கீங்க. நீங்க அனுப்பின ஒரு பக்கத்துல "பெரியவன் 3, பாப்பா 12"ன்னு இருக்கு. அடுத்த வருஷப் பக்கத்துல 12ஐ அடிச்சுட்டு 13. அதுக்கும் அடுத்த வருஷம் 13ஐ அடிச்சுட்டு 1. போட்டோவுக்குக் கீழ "ஏதோ நம்பர், கிளாஸ் ரேங்க்கா இருக்கும்"னு நீங்க போட்டிருந்தீங்க. அந்த நம்பருக்குக் கீழ என்ன இருக்குன்னு இன்னொரு தடவை பாருங்க, "பாட்டா 2 ஜோடி"ன்னு போட்டு ஒரு தொகை எழுதியிருக்கார். அது உங்க கால் சைஸ்ம்மா. குழந்தைங்க செருப்பு நம்பர் 13 வரைக்கும் போய் மறுபடி 1ல இருந்து ஆரம்பிக்கும், கடைக்குப் போய் பிள்ளைங்களுக்கு வாங்கினவங்களுக்குத்தான் அது தெரியும். ஃபோன் இல்லாத காலத்துல, எங்கயோ ஒரு கேம்ப்ல உக்காந்துகிட்டு, லீவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி உங்க கால் எவ்வளவு வளர்ந்திருக்குன்னு விசாரிச்சு எழுதி வச்சிருக்கார். எப்படி விசாரிச்சார்? அம்மா பேப்பர்ல உங்க பாதத்தை வரைஞ்சு அனுப்பினாங்களா, நூல் வச்சு அளந்து எழுதினாங்களா, எனக்குத் தெரியாது, உங்க அம்மாவுக்குத் தெரியும். அவங்க வாய் திறக்க மாட்டேங்கறாங்கன்னீங்களே, இந்த ஒரு கேள்வியை மட்டும் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்டுப் பாருங்க.

இன்னொரு பக்கம் 1999 ஜூன். அதையும் நீங்கதான் அனுப்பியிருக்கீங்க, ஆனா அதைப் பத்தி லெட்டர்ல ஒரு வார்த்தை எழுதல. "லீவு கேன்சல். பாப்பா சடங்கு. எம்.ஓ. 2000. மச்சானுக்கு லெட்டர், பட்டுப்பாவாடை." எம்.ஓ.ன்னா மணியார்டர். அவ்வளவுதான், அதுக்கு அடுத்த வரி டார்ச் பேட்டரி வாங்கின கணக்கு. கார்கில் சண்டை மே மாசம் ஆரம்பிச்சு ஜூலை 26 வரைக்கும் போச்சு, அந்த நேரத்துல லீவுல ஊருக்கு வந்திருந்தவங்களைக் கூட தந்தி அடிச்சு திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க, கிளம்ப இருந்தவங்க பையை அவிழ்த்து வச்சுட்டாங்க. அவர் வரலைங்கறது நிஜம், பதிமூணு வயசுல மணையில உக்காந்துகிட்டு வாசலைப் பார்த்த உங்க ஏக்கமும் நிஜம். இந்த நோட்டைக் காட்டி "பாருங்க எவ்வளவு பாசம், இனிமே வருத்தப்படக் கூடாது"ன்னு நான் சொல்லப் போறதில்ல. வருத்தம் இருக்கட்டும். ஆனா இத்தனை வருஷமா அந்த நாளை வாசல்ல நின்னவளோட பக்கத்துல இருந்து மட்டும்தானே பார்த்திருக்கீங்க, இப்ப அந்தப் பக்கத்துல இருந்து அஞ்சாறு வார்த்தை கிடைச்சிருக்கு. எழுத ஆரம்பிக்கறதுன்னா அங்க இருந்து ஆரம்பிங்க. முதல் வரி, "1999 ஜூன்ல என் சடங்குக்கு அப்பா வரல." அடுத்து அந்த நோட்டுல இருக்கற வரியை அப்படியே போடுங்க, ஒரு எழுத்து மாத்தாம. அதுக்கு விளக்கம் எழுத வேண்டாம்.

நான் இந்த ஆலோசனை சொல்ற தொழிலுக்கு வந்ததுல இருந்து வேலூர், திருவண்ணாமலை பக்கத்து மிலிட்டரி குடும்பம் நிறைய பார்க்கறேன், உங்க மாவட்டத்துல கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே கூப்பிடுவாங்க, தலைமுறை தலைமுறையா போனவங்க. இந்தக் குடும்பங்கள்ல ஒரு மனுஷனை ரெண்டா பிரிச்சு வச்சிருப்பாங்க. ஊருக்கும் ஆம்பளப் பிள்ளைகளுக்கும் "எங்கப்பா சிப்பாய்", பொண்ணுங்களுக்கும் சம்சாரத்துக்கும் "அந்த ஆளு எப்பவும் இல்லாதவரு". செத்ததுக்கு அப்புறம் நினைவு மலர்லயும் அதே கதை, அண்ணன் யூனிஃபார்மை எழுதுவார், தங்கச்சி காலி நாற்காலியை எழுதுவா. ஆனா அந்தப் பாக்கெட் நோட்டுல டார்ச் பேட்டரியும் பட்டுப்பாவாடையும் ஒண்ணு கீழ ஒண்ணா இருக்கு பாருங்க, அந்த ஒரே ஆளைத்தான் நீங்களும் அண்ணனும் சேர்ந்து எழுதணும், தனித்தனியா எழுதினா ரெண்டுமே பொய்யா வரும்.

அண்ணன் விஷயத்துக்கு வர்றேன். அவர் மேல கோபப்படாதீங்க, அப்பாவைப் பெருசா காட்டணுங்கற ஆசை தப்பில்ல. ஆனா அட்டையில "கார்கில் வீரர்"னு போடறதுக்கு முன்னாடி மெடலை எடுத்துப் பாருங்க. நீங்க அனுப்பின போட்டோவுல இருக்கறது வட்டமான மெடல், அது ஓ.பி. விஜய் மெடல், ஆபரேஷன் விஜய்ங்கறது கார்கில் சண்டைக்கு ராணுவம் வச்ச பேர். சண்டை நடந்த இடத்துல ஆபரேஷன்ல இருந்தவங்களுக்குக் கொடுத்தது ஓ.பி. விஜய் ஸ்டார், அது பேருக்கு ஏத்த மாதிரி நட்சத்திர வடிவத்துலயே இருக்கும். உங்க அப்பாவோடது அந்த நேரத்துல மத்த இடங்கள்ல சண்டைக்குத் தயாரா நிறுத்தப்பட்டிருந்தவங்களோடது. அதுவும் சும்மா இல்ல, ஆனா அது வேற. மெடலோட விளிம்பை வெளிச்சத்துல சுத்திப் பாருங்க, நம்பர், ரேங்க், பேர் பொறிச்சிருப்பாங்க, அவரோடதுதானான்னு உறுதியாயிடும். இந்தப் புத்தகத்தை அவரோட யூனிட் ஆளுங்களும் வாங்கிப் படிப்பாங்கம்மா, திவசத்துக்கு வர்றவங்கள்ல நாலு பேராவது எக்ஸ் சர்வீஸ்மேன் இருப்பாங்க, அவங்க அட்டையைப் பார்த்த உடனே கண்டுபிடிச்சுடுவாங்க. இருபத்தெட்டு வருஷம் ஒழுங்கா சர்வீஸ் பண்ணின மனுஷனைப் பத்தி அவர் சாவுக்கு அப்புறம் ஒருத்தர் "இது கொஞ்சம் ஓவர்"னு முணுமுணுக்கற நிலைமையை நம்ம ஏன் உண்டாக்கணும்?

"வீரமரணம்" அதே மாதிரிதான், இன்னும் கண்டிப்பா சொல்வேன், போடவே கூடாது. அவர் டயாலிசிஸ் பண்ணிக்கிட்டு, வீட்டுல பொண்டாட்டி பிள்ளைங்க பக்கத்துல இருக்கும்போது போனார். அதுல குறைச்சல் எதுவும் இல்ல. மிலிட்டரில இருந்தவங்க அந்த வார்த்தையை எவ்வளவு எண்ணி எண்ணி சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும், ஏன்னா அவங்களுக்கு அது கூட சாப்பிட்ட, கூடப் படுத்திருந்த ஆளோட பேர். டெல்லில 2019ல திறந்த தேசியப் போர் நினைவிடத்துல கல்லு கல்லா பேர் பொறிச்சு வச்சிருக்காங்களே, அவங்களோட வார்த்தை அது. "இறைவனடி சேர்ந்தார்"னு போடுங்க, இல்ல "காலமானார்"னு போடுங்க.

அண்ணன் ஒரு மெடலைக் கணக்குலயே சேர்க்கல, அது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. ஓ.பி. பராக்கிரம் மெடல். "அப்ப சண்டையே நடக்கலையே"ன்னு சொன்னாராம். 2001 டிசம்பர்ல பார்லிமென்ட் மேல தாக்குதல் நடந்துச்சு இல்லையா, அதுக்கு அப்புறம் 2002 அக்டோபர் வரைக்கும் பட்டாளம் மொத்தமும் பார்டர்ல நின்னுச்சு. சண்டை வரல, சரி. ஆனா பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் பார்டர் நெடுக மைன், அதாவது கண்ணிவெடி புதைச்சாங்க, புதைச்சது இன்ஜினியர்ஸ், அதாவது சேப்பர்ஸ். அப்புறம் புதைச்சதை எல்லாம் திரும்பத் தோண்டி எடுத்தாங்க, எடுத்ததும் அவங்கதான். புதைக்கும்போதும் செத்தாங்க, எடுக்கும்போதும் செத்தாங்க, கால் போனவங்க கை போனவங்க நிறைய. ஒரு குண்டு கூட சுடாத அந்த வேலைதான் சில சேப்பர்களுக்கு சர்வீஸ்லயே ரொம்ப பயந்த காலம்னு என்கிட்டயே சொல்லியிருக்காங்க. எந்த வரிசைல எத்தனை எங்க இருக்குன்னு மேப் போட்டு ரெக்கார்டு வைக்கணும், ஒரு அடி தப்பினா நாளைக்கு எடுக்க வர்றவன் செத்தான். உங்க அப்பா அந்த வேலைல நேரா இருந்தாரா, இல்ல பின்னாடி பாலம், ரோடு, தண்ணி சப்ளைன்னு இருந்தாரான்னு எனக்குத் தெரியாது, அவரோட யூனிட் ஆளு ஒருத்தரைத் தேடிப் பிடிச்சுக் கேளுங்க. போர்வையை மூலை சேர்த்து மடிக்கச் சொன்னதுக்கும் வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்கணும்னு கத்தினதுக்கும் இதுதான் காரணம்னு நான் சொல்ல வரல, எல்லா மிலிட்டரிக்காரரும் போர்வை மடிக்கத்தான் செய்வாங்க. ஆனா கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டிய வருஷம் அது. கார்கிலைவிட உங்க அப்பாவுக்குச் சொந்தமான வருஷமா அது இருக்கலாம்.

இப்ப ஸ்ரீலங்கா. இதுலதான் நிறைய யோசிச்சேன்.

டிஸ்சார்ஜ் புக்ல 1988, 89ன்னு இருக்கு, ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் ரிப்பன் மேல ஸ்ரீலங்கான்னு பட்டை இருக்கு. அவர் போனார், அது உறுதி. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்கு அப்புறம் அமைதிப்படைன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க, அக்டோபர்ல அது சண்டையா மாறிடுச்சு. 1990 மார்ச்ல கடைசி ஆளும் திரும்பி வர்றதுக்குள்ள நம்ம சிப்பாய்ங்க ஆயிரம் பேருக்கு மேல செத்துட்டாங்க. அங்க இருந்த தமிழ் ஜனங்க பட்ட பாட்டுக்கும் இழந்த உயிருக்கும் கணக்கு இல்ல, அது அவங்க சொல்லி அழுத, இன்னும் அழற உண்மை, உங்க அப்பா புத்தகத்துல அதை மறைக்கற மாதிரி ஒரு வரி கூட வரக் கூடாது. மெட்ராஸ்ல கப்பல் வந்து நின்னப்ப அன்னிக்கு முதலமைச்சரா இருந்த கருணாநிதி வரவேற்கப் போகல. சரி தப்பு பேச இது இடம் இல்ல, ஆனா அந்தப் படைல இருந்த ஒரு தமிழ் ஆளோட நிலைமையை மட்டும் பாருங்க. போன இடத்துல ஜனங்க பேசறது அவர் பாஷை. கூட இருந்த வடக்கத்தி ஆளுங்களுக்குப் புரியாதது அவருக்குப் புரியும், ரோட்டுல நின்னு ஒரு அம்மா என்ன சொல்லிக் கதறினாங்கன்னு தெரியும், திட்டினா அதுவும் தெரியும். திரும்பி ஊருக்கு வந்தா, டீக்கடைல அதைப் பத்தி பெருமையாவும் சொல்ல முடியாது, வேதனையாவும் சொல்ல முடியாது. சொன்னா யாரோ ஒருத்தர் சண்டைக்கு வருவாங்க. அந்தக் காலத்து ஆளுங்க என்கிட்ட வந்திருக்காங்க, வேற எதுக்கோ வருவாங்க, தூக்கம் வரல, பிரஷர் இறங்க மாட்டேங்குதுன்னு, நாலஞ்சு தடவை வந்ததுக்கு அப்புறம் ஒரு பேச்சு வெளிய வரும், உடனே நிறுத்திடுவாங்க.

உங்க அப்பா எந்திரிச்சுப் போனார். அவர் அங்க என்ன பார்த்தார், என்ன பண்ணினார், நல்லது பண்ணினாரா, பண்ணக் கூடாததைப் பண்ணினாரா, பண்ணினவங்களைப் பார்த்துக்கிட்டு நின்னாரா, யாருக்கும் தெரியாது, நீங்க ஊகிச்சு எழுதவும் கூடாது. அண்ணன் சொல்ற மாதிரி வீரதீரமா எழுதினா அது அவர் சொல்லாத கதை. சித்தப்பா சொல்ற மாதிரி விட்டுட்டா, அவர் வாழ்க்கைல அவரை ரொம்ப ஆட்டி வச்சதா இருந்திருக்கக் கூடிய ஒரு வருஷத்தை நம்ம சௌகரியத்துக்காக அழிக்கறோம். நான் சொல்றது, இருக்கறதை இருக்கற மாதிரி எழுதுங்க. "1988, 89ல இந்திய அமைதிப்படைல இலங்கைல இருந்தார். அதைப் பத்தி வீட்டுல யார் கேட்டாலும் பேச மாட்டார், எழுந்து வெளிய போயிடுவார். எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்." மூணு வரி. அண்ணனும் சித்தப்பாவும் இதை எதிர்த்தா இந்த லெட்டரைக் காட்டுங்க. அந்த மூணு வரியைப் படிக்கற இன்னொரு வீட்டுப் பிள்ளை, "எங்கப்பாவும் இப்படித்தான்"னு உங்களைத் தேடி வந்து பேசும், அதையும் இப்பவே சொல்லி வைக்கறேன்.

அம்மாவைப் பத்தி ரெண்டு வார்த்தை, இல்ல நிறைய வார்த்தை. "அப்பா எப்படிம்மா, அவரைப் பத்தி சொல்லும்மா"ன்னு கேட்டா எந்த அம்மாவும் சொல்ல மாட்டாங்க. நாப்பது வருஷம் கூட வாழ்ந்தவங்களுக்கு அது கேள்வியே இல்ல, எங்க ஆரம்பிப்பாங்க பாவம். இடத்தையும் பொருளையும் கேளுங்க. டிஸ்சார்ஜ் புக்கைப் பக்கத்துல வச்சுக்குங்க, அதுல உங்க அம்மா பேரு, உங்க ரெண்டு பேரோட பேரு, பிறந்த தேதி எல்லாம் இருக்கும், கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் யூனிட்ல பார்ட் டூ ஆர்டர் போட்டு பதிவு பண்ணுவாங்க. நீங்க பிறந்த செய்தி உங்க அப்பாவுக்கு லெட்டர்ல போயிருக்கும், அவர் அதை எடுத்துக்கிட்டு ஆபீஸ் கிளார்க் முன்னாடி போய் நின்னிருப்பார். அப்புறம் கேளுங்க, ஃபேமிலி குவார்ட்டர்ஸ் எந்த ஊர்ல கிடைச்சுது, பக்கத்து வீட்டுல யார், ஹிந்தி எப்படிக் கத்துக்கிட்டீங்க, ரேஷன்ல என்ன கொடுப்பாங்க, காட்பாடில இருந்து ரெண்டு குழந்தையை வச்சுக்கிட்டு எப்படி தனியா டிரெயின் ஏறினீங்க. கை சும்மா இருக்கும்போது கேக்காதீங்க, கீரை ஆயும்போதோ துணி மடிக்கும்போதோ கேளுங்க, மொபைலை ரெக்கார்டுல போட்டு ஓரமா வச்சுடுங்க, ரெக்கார்டு பண்றேன்னு சொல்லிட்டே பண்ணுங்க. முதல் நாள் நாலு வார்த்தை வரும். அது போதும், மறுநாள் அவங்களே ஆரம்பிப்பாங்க.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அந்த மனுஷன் குடும்பஸ்தனா இருந்தார்னு நீங்க எழுதணும்னா அதுல பாதி உங்க அம்மாவோட வேலை. வருஷ லீவு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள், அதுவும் ஃபீல்டு போஸ்டிங்ல இருந்தா கேட்டப்ப கிடைக்காது, ஜம்மு பக்கத்துல இருந்து வீடு வந்து சேரவே மூணு நாள் போயிடும். மீதி ஒன்பது மாசம் மாமியார், வயல், கரண்ட் பில்லு, உங்க காய்ச்சல், அண்ணன் அடிச்ச லூட்டி எல்லாம் ஒரு பொம்பளை பார்த்துக்கிட்டாங்க. எம்.ஓ. வந்தது, ஆனா கையெழுத்துப் போட்டு வாங்கி அதைப் பங்கு போட்டது யார்? நினைவு மலர்ல ஓரமா "மனைவி"ன்னு ஒரு போட்டோ போட்டு முடிச்சுடாதீங்க. அம்மா சொல்றதை அம்மா பேச்சுலயே ரெண்டு மூணு பக்கம் போடுங்க, திருத்தாம.

சின்ன வயசுல அவர் எங்க இருக்கார்னே தெரியாதுன்னு நீங்க ஒரு இடத்துல எழுதியிருந்தீங்க. தெரிஞ்சிருக்க வழியே இல்லம்மா. நீங்க லெட்டர் போட்ட அட்ரஸ் பேர், ரேங்க், யூனிட், 56 ஏ.பி.ஓ. அது ஒரு ஊரே இல்ல, எந்த மேப்லயும் இல்ல, யூனிட் எங்க நிக்குதுன்னு வெளிய தெரியக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க. ஒரு ஆறு வயசுக் குழந்தைக்கு அப்பா இருக்கற ஊருக்குப் பேர் இல்லன்னா, அந்த அப்பாவை எங்க வச்சு நினைச்சுக்கும்? இப்ப உங்களுக்கு அதைத் தெரிஞ்சுக்க வழி இருக்கு. டிஸ்சார்ஜ் புக்ல விவரம் பத்தலைன்னா பெங்களூர்ல மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்போட, அதாவது மெட்ராஸ் சேப்பர்ஸோட, ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு அம்மா பேர்ல, அவங்கதான் வாரிசுதாரர்ங்கறதால, ஒரு விண்ணப்பம் எழுதுங்க, சர்வீஸ் நம்பர், ரேங்க், பேர், இறப்புச் சான்றிதழ் நகல் வச்சு, எந்தெந்த யூனிட்ல எப்ப இருந்தார்னு கேளுங்க. வேலூர்ல இருக்கற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போய் சொன்னா எப்படி எழுதணும்னு அவங்களே சொல்வாங்க. பதில் வர நாளாகும், திவசத்துக்குள்ள வரலைன்னாலும் பரவால்ல, மலரை ரெண்டு மாசம் தள்ளிப் போடறதுல ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. ஊர் பேர் கிடைச்சதும் உங்க பிறந்தநாள், பரீட்சை, காய்ச்சல்ல ஆஸ்பத்திரில இருந்தது இதை எல்லாம் ஒரு பக்கம் எழுதி, எதிர்ப்பக்கம் அவர் அன்னிக்கு எங்க இருந்தார்னு எழுதுங்க. நாலு பக்கம் பத்தாது, பாருங்க.

அண்ணனோட திட்டத்துல புத்தகம் 2007ல முடிஞ்சுடுது, அது எனக்கு ஒத்துக்க முடியல. அதுக்கு அப்புறம்தான் அவர் முதல் முதலா முழு வருஷமும் வீட்டுல இருந்தார். நாப்பத்தாறு வயசுல ஒரு ஆம்பளை, வளர்ந்த பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு, எப்படி வீட்டுல இருக்கறதுன்னு தெரியாம வந்து சேர்றார். அவருக்குத் தெரிஞ்ச ஒரே வழி ரோல் கால். காலேஜ் போற பொண்ணை அஞ்சு மணிக்கு எழுப்பினது தப்புன்னே வச்சுக்குங்க, உங்களுக்கு எரிச்சலா இருந்துச்சு, அதையும் எழுதுங்க, அவரோட நல்ல பேர் அதுல கெட்டுடாது. பேங்க் வாசல்ல துப்பாக்கியோட ஸ்டூல்ல உக்காந்திருந்த வருஷங்களையும் எழுதுங்க. நாயிப் சுபேதாரா நாப்பது பேரை வேலை வாங்கினவர், ஒரு சின்ன வயசு ஆபீசருக்குக் கதவைத் திறந்து விட்டுக்கிட்டு, உங்க கல்யாணக் கடனை அடைச்சார்னு நீங்களே போகிற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க. அந்த வரிக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கம்மா. யூனிஃபார்ம் போட்டோ ஒண்ணு போட்டா, அந்த பேங்க் டிரெஸ்ல ஒண்ணு இருந்தா அதையும் அதே சைஸ்ல போடுங்க.

அழுகை வரலைன்னு கேட்டிருந்தீங்க. வரணும்னு கட்டாயம் இல்ல. அப்பா ஊருக்குக் கிளம்பும்போது அழக் கூடாது, அழுதா அவர் மனசு கஷ்டப்படும்னு சொல்லி வளர்த்த வீடு உங்க வீடு, மிலிட்டரி வீட்டுப் பிள்ளைங்க எல்லாரும் அப்படித்தான், ஸ்டேஷன்ல சிரிச்சுக்கிட்டே டாட்டா காட்டப் பழகினவங்க. வருஷா வருஷம் போய் போய் வந்தவர் இந்தத் தடவையும் லீவு முடிஞ்சுதான் போயிருக்கார்னு மனசு எங்கயோ நினைச்சுக்கிட்டிருக்கும், அது தெளிய நாளாகும். எழுதும்போது வரலாம், ஆறு மாசம் கழிச்சு செருப்புக் கடைல வரலாம், வந்தா வரட்டும். தூக்கம் கெட்டாலோ சாப்பாடு இறங்கலைன்னாலோ எதுலயும் பிடிப்பு இல்லாம வாரக்கணக்கா போனாலோ மட்டும் தள்ளிப் போடாம பக்கத்துல ஒரு மனநல டாக்டரைப் பாருங்க, அது எழுதறதால தீராது.

இனி நடைமுறை விஷயம் கொஞ்சம். டிஸ்சார்ஜ் புக்கையும் மெடலையும் பிரஸ்காரங்க கைல கொடுக்காதீங்க, வீட்டுலயே ஸ்கேன் பண்ணி ஃபைலை மட்டும் அனுப்புங்க. மெடலைப் பளபளன்னு காட்ட பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், விளிம்புல இருக்கற பேர் தேஞ்சு போயிடும். புத்தகத்துல ரேங்க், படைப்பிரிவு, சேர்ந்த வருஷம், பென்ஷன் வந்த வருஷம் போதும், சர்வீஸ் நம்பரும் பி.பி.ஓ., அதாவது பென்ஷன் ஆர்டர் நம்பரும் அச்சுல வரக் கூடாது, அண்ணன் டிஸ்சார்ஜ் புக் பக்கத்தை அப்படியே படமா போடப் போறேன்னு சொன்னாருன்னீங்க, போட்டா நம்பரை மறைச்சுட்டுப் போடச் சொல்லுங்க, பென்ஷன்தாரர் வீட்டம்மாக்களுக்கு ஃபோன் பண்ணி ஓ.டி.பி. கேக்கற கும்பல் இப்ப ஜாஸ்தி. அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் ஸ்பார்ஷ்ல, அதாவது மிலிட்டரி பென்ஷன் கொடுக்கற ஆன்லைன் சிஸ்டத்துல, சரியா ஆரம்பிச்சாச்சான்னு நீங்க லெட்டர்ல சொல்லல. பி.பி.ஓ.ல இருக்கற அவங்க பேரு, பிறந்த தேதியும் ஆதார்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கான்னு இந்த வாரமே பாருங்க, நிறைய பேருக்கு அங்கதான் சிக்கும். வருஷா வருஷம் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கணும், இத்தனை வருஷம் அப்பா அவரோடதை அவரே பார்த்துக்கிட்டிருப்பார், அம்மாவுக்கு அது பழக்கம் இருக்காது, முதல் தடவை நீங்களோ அண்ணனோ கூடப் போங்க.